விளக்கு வெளிச்சம் அவர்மேல் படுகிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல படங்களை வெட்டிச் சேர்த்து ஒன்றாக்கும் கூட்டுப் புகைப்படங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நானும் ஒன்று செய்து பார்த்தேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். இரவு, மழை விட்டிருக்கும் ஒரு ரயில் நிலையம். இந்தப் பக்கத்து பிளாட்பார பெஞ்சில், மடியில் தகரப்பெட்டியோடு ஒரு முதியவர். எதிர் பிளாட்பாரத்தில், கையில் அரிக்கேன் விளக்கோடு ஒரு சிறுமி. மேலே பெரிய முழுநிலா.

பின்னணியை மழை நின்ற ஒரு சாயங்காலம், மேகமூட்டத்தில், 24 மி.மீ. லென்ஸில், டிரைபாடை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து எடுத்தேன். பிளாட்பார விளக்குகள் அப்போது எரியவில்லை. கணினியில் இருட்டாக்கிக்கொண்டேன். முதியவரை வீட்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, நின்ற நிலையில், இரண்டு மீட்டர் தள்ளி, 50 மி.மீ.யில் எடுத்தேன். சிறுமியை வேறொரு நாள் கூடத்தில், கூரை எல்இடி வெளிச்சத்தில். விளக்கை ஏற்றவில்லை, மஞ்சள் ஒளியைப் பிறகு பிரஷ்ஷால் போட்டேன். கணினியில் முடியின் ஓரத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து வெட்டி எடுக்க மட்டும் மூன்று மாலைகள் ஆயின. கடைசியில், படத்தின் நிறங்களை மொத்தமாக மாற்றும் டீல்-ஆரஞ்சு (நீலப்பச்சை-ஆரஞ்சு) லட் ஒன்றைப் போட்டு, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்தேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஒட்டினது தெரியுது." எங்கே தெரிகிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வெட்டியதில் குறையா? வேறு பிளக்-இன் வேண்டுமா? என்ன லைட் வாங்கலாம்? சினிமாக் காட்சி மாதிரி, கதை சொல்கிற மாதிரி வர என்ன செய்யவேண்டும்?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

வெட்டியதில் குறையே இல்லை. முதியவரின் காதோரத்து நரைமுடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மிகச் சுத்தமாக இருக்கிறது. ஒட்டியது தெரிவது விளிம்பில் அல்ல. உங்கள் படத்தில் மூன்று வெளிச்சங்களும் மூன்று கண்களும் இருக்கின்றன. பின்னணியை மேகம் மூடிய வானம் ஒளியூட்டியிருக்கிறது, அதை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் பார்க்கிறார். முதியவரை இடப்பக்க ஜன்னல் ஒளியூட்டியிருக்கிறது, அவரை நின்றபடி மேலிருந்து வேறொருவர் பார்க்கிறார். சிறுமியின் தலைக்கு நேர்மேலே ஒரு கூரை விளக்கு. இந்த மூன்றையும் பிளக்-இன் ஒன்றாக்காது. லட் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அதற்கு எந்தப் புள்ளி எந்த லேயரிலிருந்து (அடுக்கிலிருந்து) வந்தது என்பது தெரியாது, புள்ளியின் நிறமதிப்பைப் பார்த்து நிறத்தைத் திருப்பும், அவ்வளவுதான். ஜன்னலொளியில் இருக்கும் தோல் ஒரு பக்கம் போகும், எல்இடி ஒளியில் இருக்கும் தோல் இன்னொரு பக்கம் போகும். அதோடு மாறுபாட்டையும் கூட்டுவதால், முன்பு மெலிதாக இருந்த பொருத்தமின்மை இப்போது கூவிச் சொல்கிறது.

ஆகவே லேயர்களை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவோம். அந்தச் சிறுமியின் விளக்கு வெளிச்சம் முதியவர்மேல் படுகிறதா, இல்லையா?

உங்கள் கதை இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. படவில்லை என்றால் அவள் அவருடைய உலகத்தில் இல்லை. நினைவாக இருக்கலாம், இனி வராதவளாக இருக்கலாம். பட்டால் அவள் வந்துவிட்டாள். இரண்டுமே நல்ல கதைகள். ஆனால் இப்போதுள்ள படம் இரண்டையும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்மேல் விழும் வெளிச்சத்துக்குப் படத்தில் முகவரியே இல்லை. இடப்பக்கம் ஜன்னல் ஏது? அந்தப் பக்கம் தண்டவாளம்தானே இருக்கிறது? பார்ப்பவரால் இதை வார்த்தையில் சொல்ல முடியாது. கண் மட்டும் நம்ப மறுக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புள்ளி போன்ற சிறிய விளக்கிலிருந்து தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும், அதாவது இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் ஒளி பாதியாவது). விளக்கு சிறுமியின் முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது, முதியவரிடமிருந்து சுமார் 8 மீட்டர். முகத்தில் விழுவதில் ஏறக்குறைய 700-ல் ஒரு பங்குதான் அவரை எட்டும். ஒன்பதரை ஸ்டாப் குறைவு. அவள் முகம் சரியான எக்ஸ்போஷரில் இருந்தால் அவர் கன்னத்தில் அந்த விளக்கின் தடயமே இருக்காது. இயற்பியல் இப்படி. ஒளிப்பதிவாளர்கள் இந்த இடத்தில் இயற்பியலைக் கொஞ்சம் தள்ளிவைப்பார்கள். காட்சிக்குள் தெரியும் விளக்கின் திசையிலேயே, ஃபிரேமுக்கு வெளியே, அதே நிறத்தில் இன்னொரு விளக்கை ஒளித்துவைப்பார்கள். திசையும் நிறமும் சரியாக இருந்தால் அளவு மிகையாக இருப்பதைக் கண் மன்னித்துவிடும். திசை பிசகினால் மன்னிக்காது. சினிமா வெளிச்சம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒழுங்குதான்: ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கதைக்குள் ஒரு காரணம்.

என் யோசனை: வெளிச்சம் படட்டும், ஆனால் மெலிதாக, விளக்கின் பக்கமுள்ள கன்ன ஓரத்திலும் பெட்டியின் ஒரு விளிம்பிலும் மட்டும். அவர் பார்வை இப்போது கேமராவை நோக்கி இருக்கிறது, அதை மாற்றுங்கள். பெட்டியைப் பார்த்துக் குனிந்திருக்கட்டும். அவள் வந்தது அவருக்குத் தெரியும் முன்பே வெளிச்சம் அவரைத் தொட்டுவிட்டது. பார்ப்பவருக்குத் தெரிந்தது அவருக்கு இன்னும் தெரியவில்லை என்ற அந்தக் கணத்தில் படம் நிற்கும்.

நிலாவை எடுத்துவிடுங்கள். வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. 24 மி.மீ. லென்ஸில், முழு ஃபிரேம் கேமராவில், 6,000 பிக்செல் அகலப் படத்தில் அது ஏறக்குறைய 35 பிக்செல்தான் வரும். நீங்கள் வைத்திருப்பது 400 பிக்செல். அத்தனை பெரிய நிலா தெரியும் படத்தில் பிளாட்பாரமும் தொலைநோக்கி லென்ஸில் எடுத்த மாதிரி ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கப்பட்டிருக்க வேண்டும். மேலும், அவர்களுக்குப் பின்னால் நிலா இருக்கிறது என்றால் தோள்களில் அதன் விளிம்பொளி எங்கே என்ற கேள்வியும் வருகிறது. இரண்டு விளக்குகள் உள்ள கதைக்கு மூன்றாவது வேண்டாம்.

இனி கண்ணின் உயரம். கூட்டுப்படங்கள் அதிகமாகத் தோற்கும் இடம் இது, ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படும் இடமும் இதுதான். கேமராவை ஒரு மீட்டர் உயரத்தில் மட்டமாக வைத்து எடுத்தால், தொடுவானக் கோடு அந்தச் சமதளத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டும். அருகில் நின்றாலும் சரி, தூரத்தில் நின்றாலும் சரி. 1.3 மீட்டர் உயரமுள்ள சிறுமியை அது மார்பளவில் வெட்ட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைத் தோள் பக்கத்தில் வெட்டும். உங்கள் படத்தில் பிளாட்பாரத்தின் விளிம்பையும் கூரையின் விளிம்பையும் கோடு போட்டு நீட்டுங்கள், அவை சந்திக்கும் உயரம்தான் தொடுவானம். அது முதியவரின் தோளருகே போகிறது. ஆனால் அவருடைய மடியும் பெட்டியின் மேல்மூடியும் நன்றாகத் திறந்து தெரிகின்றன. நின்று கொண்டு கீழே பார்க்கிற கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும். பெஞ்சின் இருக்கைப் பலகையோ ஒல்லியான பட்டையாக இருக்கிறது. அவர் பெஞ்சில் உட்காரவில்லை, அதன்மேல் சரிகிறார்.

உயர அளவையும் இதே கோட்டால் கண்டுபிடிக்கலாம். சிறுமியின் கால் படும் இடத்திலிருந்து தொடுவானக் கோடு வரை எத்தனை பிக்செல் என்று அளந்துகொள்ளுங்கள். அந்த ஆழத்தில் அதுதான் ஒரு மீட்டர். 400 பிக்செல் வந்தால் 1.3 மீட்டர் சிறுமி 520 பிக்செல் இருக்க வேண்டும். கண்மதிப்பில் நீங்கள் வைத்தது கிட்டத்தட்ட 700, அதாவது 1.75 மீட்டர். முகம் குழந்தை, உயரம் பெரியவள். ஒட்டியது தெரிவதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து தூரம். 24-ல் எடுத்த பின்னணியில் 50-ல் எடுத்த ஆள் பொருந்தமாட்டார் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பெர்ஸ்பெக்டிவை முடிவு செய்வது கேமராவுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள தூரம், லென்ஸ் எவ்வளவு பரப்பை வெட்டி எடுக்கிறது என்பது வேறு விஷயம். பெஞ்ச் கேமராவிலிருந்து 4 மீட்டரில் இருந்தால் முதியவரையும் 4 மீட்டரிலிருந்து எடுங்கள். லென்ஸ் 50 ஆகவே இருக்கட்டும், பிக்செல்கள் கூடக் கிடைக்கும். நீங்கள் 2 மீட்டரிலிருந்து எடுத்ததால் முழங்கால்கள் பெரிதாக முன்னால் நீள்கின்றன. சிறுமிக்கு 12 மீட்டர் வேண்டும், இடம் இல்லையென்றால் 6 மீட்டர் போதும். அந்தத் தூரத்துக்குப் பிறகு ஓர் ஆளின் அளவில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கேமராவின் உயரம் ஒரு மீட்டர்தான், அதை மாற்றாதீர்கள். இன்னொன்று: அகல லென்ஸ் ஓரங்களில் உருவங்களை வெளிப்பக்கம் இழுக்கும். முதியவரை ஃபிரேமின் ஓரத்தில் வைத்தால், இழுபட்ட பெஞ்சில் இழுபடாத மனிதர் உட்கார்ந்திருப்பார். நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியை மறுபடியும் எடுக்கச் சொல்வேன். மழை ஈரமும் மேகமூட்டமும் நல்ல தேர்வு, ஏனென்றால் நிழல் விழாத பின்னணியில் நமக்கு வேண்டிய நிழலை நாமே போடலாம். குறை என்னவென்றால் பிளாட்பார விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கைக் கணினியில் எரியவைத்தால் கூரை, தூண், ஈரத்தரை என எல்லாவற்றிலும் அதன் ஒளியை வரைய வேண்டிவரும். அதே இடத்தில் டிரைபாடை ஊன்றி, சூரியன் மறைந்தது முதல் முழு இருட்டு வரை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுங்கள். ரா ஃபைல் (கேமரா எதையும் மாற்றாமல் பதியும் கோப்பு), மேனுவல் ஃபோகஸ், ஃபோகஸ் பெஞ்சின்மேல். ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று எக்ஸ்போஷர். வானமும் விளக்கும் சம பலத்தில் இருக்கும் கொஞ்ச நேரம் வரும், அதுதான் உங்கள் அடித்தளம். அதற்கு முந்தைய படத்திலிருந்து கூரைக்கடியில் கொஞ்சம் விவரமும், பிந்தைய படத்திலிருந்து தரையில் விழும் விளக்கொளியும் எடுத்துக்கொள்ளலாம். கேமரா அசையாததால் எல்லாம் அச்சுப்போல ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்.

கிளம்பும் முன் இரண்டு வேலைகள். ஒரு நண்பரைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு படம், சிறுமியின் இடத்தில் நிற்கவைத்து ஒரு படம். இவை இறுதிப் படத்தில் வராது. ஆனால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஈரத்தரையில் பிரதிபலிப்பு எவ்வளவு நீளம், தூரத்து ஆளின் கறுப்பு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அவற்றில் இருக்கும். பிறகு ஒரு துண்டுச்சீட்டில் கேமரா உயரம், பெஞ்சின் தூரம், எதிர் பிளாட்பாரத்தின் தூரம், பெஞ்சிலிருந்து பார்த்தால் விளக்கு எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

கறுப்புப் பட்டை பற்றி ஒரு வார்த்தை. பட்டை வைத்ததால் படம் சினிமா ஆகாது, சட்டகத்தை முதலிலேயே முடிவு செய்தால் ஆகும். 2.39:1 என்றால் 6,000 பிக்செல் அகலத்துக்கு 2,510 பிக்செல் உயரம்தான். எடுக்கும்போதே அதை மனதில் வைத்து ஒழுங்கு செய்யுங்கள். உங்கள் படத்தில் பட்டை முதியவரின் பாதங்களை மூடிவிட்டது, தரையோடு அவரைப் பிணைக்கும் ஒரே இடம் அதுதான்.

என்ன லைட் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று போதும்: நிறவெப்பத்தை 2,700 முதல் 6,500 கெல்வின் வரை மாற்றக்கூடிய (எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம்), சிஆர்ஐ, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு, 95-க்கு மேலுள்ள எல்இடி. சிஆர்ஐ குறைந்தால் தோலின் நிறம் கெடலாம், அதைப் பிறகு சரிசெய்வது கடினம். ஃபிளாஷைவிடத் தொடர்விளக்கு உங்களுக்கு இப்போது உதவும், நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்தே நகர்த்தலாம். இதோடு ஒரு பெரிய கறுப்புத் துணி, ஒரு வெள்ளைத் துணி.

ஒரே விளக்கை வைத்து மூன்று விளக்குகள் உள்ள காட்சியை எடுக்க முடியும். ஒளி கூடுவது கூட்டல்தான். கேமரா டிரைபாடில், முதியவர் அசையாமல், விளக்கை முதல் இடத்தில் வைத்து ஒரு படம், இரண்டாவது இடத்தில் ஒரு படம், மூன்றாவதில் ஒரு படம். கணினியில் இவற்றை, கறுப்பை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் சேர்க்கும் ஸ்கிரீன் முறையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மூன்று விளக்குகளும் எரிந்த மாதிரி வரும். ஒவ்வொன்றின் அளவையும் பிறகு தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். இதில் கெடுவது ஒன்றுதான், ஆள் அசைவது. இமையும் விரலும் முதலில் அசையும். பெட்டியை இறுகப் பிடித்திருக்கச் சொல்லுங்கள், தலையை நாற்காலியின் பின்பக்கமிருந்து ஏதாவது ஒன்றால் தாங்குங்கள், விளக்கை நகர்த்த ஓர் உதவியாளரை வைத்து மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். மற்ற விளக்குகளை அணைத்து, திரைச்சீலையை மூடியிருக்க வேண்டும்.

முதியவருக்கு முதல் இடம், பிளாட்பார விளக்கு. உங்கள் பழைய படத்தைப் பார்த்தால் அது பெஞ்சுக்கு வலப்பக்கம், சற்றுப் பின்னால், தலைக்கு மேலே. அதே திசையில், அவர் தலைக்கு ஒரு மீட்டர் மேலே, பின்வலமாக எல்இடியை வையுங்கள், 4,000 கெல்வின். மயிரிலும் தோளிலும் ஒரு கோடு விழும், முகம் பெரும்பாலும் நிழலில் போகும். பயப்படாதீர்கள். அந்த வெளிச்சம் மடியிலுள்ள தகரப்பெட்டியின் மூடியில் விழுந்து மேலே திரும்பும். மூடியின்மேல், கேமராவுக்குத் தெரியாத பக்கம், உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை ஒன்றை வைத்தால் தாடைக்கும் கண்குழிக்கும் போதுமான ஒளி ஏறும். அவர் முகத்துக்கு ஒளி பெட்டியிலிருந்து வருகிறது என்பது கதைக்கும் நல்லது.

இரண்டாவது இடம், அரிக்கேன் விளக்கின் திசை. தூரத்து விளக்கு சிறியது, ஆகவே ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் வேண்டாம், எல்இடி தலை வெறுமையாக இருக்கட்டும். அவர் மார்பு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, இருப்பதிலேயே வெதுவெதுப்பான 2,700 கெல்வின். முதல் விளக்கைவிட ஒரு ஸ்டாப் குறைவாக. மூன்றாவது, வானத்தின் மிச்சம்: எல்இடியை 6,500-ல் வைத்துக் கேமராவுக்கு மேலுள்ள வெள்ளைத் துணியிலோ கூரையிலோ அடித்துத் திருப்புங்கள். இது முதல் விளக்கைவிட மூன்று ஸ்டாப் குறைவாக இருக்க வேண்டும், அதாவது எட்டில் ஒன்று. அதற்கு மேல் போனால் இரவு கலைந்துவிடும், அதற்குக் கீழே போனால் சட்டையின் மடிப்புகள் எல்லாம் கறுப்பில் மூழ்கும். முதல் இரண்டு படங்களை எடுக்கும்போது கேமரா பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். வெள்ளைச் சுவருள்ள வீட்டில் இதைச் செய்யாவிட்டால் சுவரே நான்காவது விளக்காகி எல்லா நிழலையும் நிரப்பிவிடும்.

கேமராவின் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த ஒளியை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற அமைப்பை, 4,000 கெல்வினில் பூட்டிவிடுங்கள். பின்னணி, முதியவர், சிறுமி மூன்றுக்கும் ஒரே எண். ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்திலும் தனியாக ஒரு முடிவு எடுக்கும். 4,000-ல் பூட்டினால் பிளாட்பார விளக்கு இயல்பாக இருக்கும், அந்தி நீலமாகும், அரிக்கேன் ஆரஞ்சாகும். நீங்கள் லட்டில் தேடிய நிறச்சேர்க்கை எடுக்கும்போதே வந்துவிடுகிறது, அதுவும் எந்த வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும்.

சிறுமியின் படத்தில் விளக்கு உண்மையிலேயே எரிய வேண்டும். சுடர் வேண்டாம், குழந்தையின் கையில் நெருப்பு எதற்கு? சிம்னிக்குள் பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி பல்பு ஒன்றை வையுங்கள். 2,700 கெல்வின் பல்பின்மேல் அரை சிடிஓ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் வண்ணத்தாள்) சுற்றினால் 2,100, 2,200 பக்கம் இறங்கும், மண்ணெண்ணெய்ச் சுடருக்கு அது நெருக்கம். விளக்கை மார்பளவுக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது முகத்துக்கு 30 செ.மீ., பாதத்துக்கு 90 செ.மீ. மூன்று மடங்கு தூரம், ஒன்பதில் ஒரு பங்கு ஒளி, மூன்று ஸ்டாப்புக்குச் சற்று அதிகமான சரிவு. பாவாடையின் கீழ்ப்பகுதி இருட்டிக்கொண்டே போகும். நீங்கள் பிரஷ்ஷால் போட்ட மஞ்சள் முகத்திலும் பாதத்திலும் ஒரே அளவில் இருக்கிறது, அதனால்தான் அது வெளிச்சமாக இல்லாமல் சாயமாகத் தெரிகிறது. விளக்கடியில் இருட்டு என்பது பழமொழி மட்டுமல்ல. அரிக்கேனின் எண்ணெய்த் தொட்டி ஒளியை மறைப்பதால் நேர்கீழே தரையில் ஓர் இருட்டு வட்டம் விழும், பிடிக்கம்பிகள் உடைமேல் மெல்லிய நிழற்கோடுகளைப் போடும். இவற்றை வரைந்து கொண்டுவருவது கடினம், எரியும் விளக்கு தானாகவே போட்டுவிடும். ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/60 விநாடியில் தொடங்கி முகத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இருவருக்கும் பின்திரை கருஞ்சாம்பல் நிறத்தில், அவர்களுக்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கட்டும். பச்சைத்திரை வேண்டாம், விளிம்பொளி விழும் நரைமுடியில் பச்சை ஏறினால் மறுபடியும் மூன்று மாலைகள் போகும். இருட்டுக் காட்சிக்கு இருட்டான திரை என்றால் முடியைத் துல்லியமாக வெட்டவே தேவையில்லை. ஒளிபட்ட முடியோரத்தை மட்டும் தனி லேயராக எடுத்து, வெளிச்ச அளவுகளை மாற்றும் கர்வ்ஸில் திரையை முழுக் கறுப்பாக்கி, ஸ்கிரீன் முறையில் பின்னணிமேல் வைத்தால் கறுப்பு மறைந்து முடி மட்டும் நிற்கும்.

சேர்க்கும் வேலை இனி எளிது. 16 பிட்டில் வேலை செய்யுங்கள், 8 பிட்டில் வானத்தின் சரிவு பட்டை பட்டையாக உடையும். உருவங்களைத் தொடுவானக் கணக்கின்படி வைத்ததும், எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயரைப் போட்டு நிறத்தை மறைத்துவிட்டு, வெளிச்ச அளவை மட்டும் பொருத்துங்கள். முக்கியம் கறுப்பு. ஈரக்காற்றில் 12 மீட்டரில் இருப்பவளின் கறுப்பு, 4 மீட்டரில் இருப்பவரின் கறுப்பைவிட வெளுத்திருக்கும். நண்பரை வைத்து எடுத்த படத்தில் அளந்து, கர்வ்ஸின் கீழ்முனையை அதே அளவுக்குத் தூக்குங்கள். பிறகு அந்த லேயரை அணைத்து, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு சேனலையும் தனியாகப் பாருங்கள். மூன்றில் ஒன்றிலாவது உருவம் துருத்திக்கொண்டிருக்கும், பெரும்பாலும் நீலத்தில். அந்தச் சேனலை மட்டும் சரிசெய்யுங்கள். நிறத்தைக் கண்மதிப்பில் துரத்துவதைவிட இது பத்து மடங்கு விரைவு.

நிழலை ஒரே லேயரில் போடாதீர்கள். செருப்புக்கும் தரைக்கும் இடையே, தொடைக்கும் பெஞ்சுக்கும் இடையே இருக்கும் ஒட்டுநிழல் சில பிக்செல் அகலம்தான், ஆனால் ஏறக்குறைய முழுக்கறுப்பு. உங்கள் படத்தில் இது அறவே இல்லை, அதனால் முதியவர் பெஞ்சுக்கு இரண்டு விரற்கடை மேலே மிதக்கிறார். அடுத்தது விழுநிழல். பிளாட்பார விளக்கு வலப்பின்னால் இருப்பதால் அது இடமுன்னால் விழும், காலருகே கூர்மையாகவும் போகப்போக மங்கலாகவும். கீழுள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் முழுக்கறுப்புக்குப் பதில் அந்தியின் கருநீலத்தைப் பயன்படுத்துங்கள். அரிக்கேனின் நிழல்கள் வேறு வகை: விளக்கை மையமாக வைத்து எல்லாப் பக்கமும் விரியும், ஒன்றுக்கொன்று இணையாகப் போகாது.

ஈரத்தரையை மறந்துவிட்டீர்கள். தூணெல்லாம் தரையில் தெரிகிறது, மனிதர்கள் மட்டும் தெரியவில்லை! உருவத்தைக் கால் படும் இடத்தில் தலைகீழாகத் திருப்பி, செங்குத்தாக மோஷன் பிளர் கொடுங்கள், காலருகே குறைவாக, தலைப்பக்கம் அதிகமாக. சொரசொரப்பான தரை பிரதிபலிப்பைப் பார்ப்பவரை நோக்கி நீட்டும். பிறகு தரையின் உலர்ந்த திட்டுகளில் மாஸ்க்கால் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் மூடியால்) அழித்துவிடுங்கள். அரிக்கேனின் பிரதிபலிப்புதான் இதில் பிரகாசமானது, ஒரு நீண்ட ஆரஞ்சுக் கோடாக பிளாட்பாரத்தின் விளிம்பு வரை வரும். அது முதியவரின் திசையை நோக்கிக் கண்ணைக் கொண்டுவரும் என்பதால் அதில் தாராளமாக நேரம் செலவழிக்கலாம்.

விளக்கைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தை ஒரே பிரஷ்ஷில் போடாமல், சிறிது, நடுத்தரம், மிகப் பெரிது என மூன்றாகப் போடுங்கள், பெரிதாகப் பெரிதாக மங்கலாக. இந்த லேயர்கள் சிறுமிக்கு மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல, ஏனென்றால் ஈரக்காற்று விளக்குக்கும் கேமராவுக்கும் நடுவிலும் இருக்கிறது. அவள் விரல்களின் ஓரம் அந்த ஒளியில் கொஞ்சம் கரைந்தால்தான் அவள் அந்தக் காற்றில் நிற்பாள்.

பின்னணியை மங்கலாக்க ஆசை வரும். 24 மி.மீ., எஃப் 8, ஃபோகஸ் 4 மீட்டரில் என்றால் ஒன்றரை மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாகவே இருக்கும். அந்தத் தரை தெளிவாக இருக்கும்போது சிறுமியை மட்டும் மங்கலாக்கினால் அதுவும் ஒட்டியதாகத்தான் தெரியும். மாஸ்க்கின் விளிம்பு பின்னணியிலுள்ள தூணின் விளிம்பு அளவுக்கு மென்மையாக இருக்கட்டும், வழக்கமாக ஒன்று முதல் இரண்டு பிக்செல். கடைசியாக எல்லா லேயரிலும் நாய்ஸை (மணல்போல் தெரியும் பொடிப்புள்ளிகளை) நீக்கிவிட்டு, மேலே 50 சதவீதச் சாம்பல் லேயர் ஒன்றில் ஒரே நிறத்து நாய்ஸ் 3, 4 சதவீதம் சேர்த்து, அரை பிக்செல் மங்கலாக்கி, சாஃப்ட் லைட்டில் வையுங்கள். மூன்று இடங்களில் எடுத்த படங்களும் ஒரே மணலில் பதிந்துவிடும். நிறத்தைத் திருத்த வேண்டுமென்றால் இதற்குச் சற்று முன்னால், மிக லேசாக.

இவ்வளவு திட்டம் தேவையா என்று உங்களுக்குத் தோன்றலாம். 1857-ல் புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை ஒரே படமாக்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து, இறந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் அறையைக் காட்டினார். பின்னாளில் காட்சியைப் பென்சிலில் வரைந்து, எடுத்து முடித்த உருவத்தின் புகைப்படத்தை அந்த வரைபடத்திலேயே ஒட்டிப் பார்த்து, மிச்சத்தைத் திட்டமிட்டிருக்கிறார். அந்தத் தாள்களில் ஒன்று இன்றும் இருக்கிறது. நம் காலத்துப் புகைப்படக் கலைஞர் ஜெஃப் வால் 1993-ல் முடித்த ஒரு காற்றடிக்கும் காட்சிக்கு ஓராண்டுக்கு மேல், நூற்றுக்கும் அதிகமான படங்கள் எடுத்தார். கருவி எதுவாக இருந்தாலும் வரிசை மாறவில்லை: காட்சி முதலில், கேமரா பிறகு, சேர்ப்பது கடைசியில்.

புதிய பின்னணியை எடுத்ததும், உருவங்களை வைக்காமல் அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள், துண்டுச்சீட்டில் குறித்த அளவுகளோடு. தொடுவானக் கோட்டையும், இரண்டு விளக்குகளும் விழும் திசைகளையும் அதன்மேல் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். முதியவரையும் சிறுமியையும் அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

அன்புடன்.